ஓசையில்லாத் துப்பாக்கி

பங்காருபாளையத்தில் நம் தந்தையார் வைத்திருந்த துப்பாக்கிக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது, ஓசை எழுப்புவது. சித்தூரிலிருந்து பலமநேர் செல்லும் சாலைக்கு அருகே, மாந்தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையுமாக இருந்த நம் நிலத்தில் காட்டுப்பன்றி இறங்காத இரவு அரிது. 1980-களின் நடுவிலிருந்து யானைகளும் அப்பக்கத்துக் காடுகளுக்கு வந்து சேர்ந்தன. பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்று, குழல்வாயில் மருந்திட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி வர வேண்டும். தந்தையார் அதை வானத்தை நோக்கியே சுடுவார். யானையைச் சுடுவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெருங்குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அவர் யானையைக் கண்டால் முதலில் கைகூப்புவார். அதன் பிறகே வெடிப்பார்.

இந்த வெடிக்கு விலையாக அவர் கொடுத்தது தம் செவிகளை. வலத் தோளில் வைத்துச் சுடுகிறவர்க்குக் குழல்வாய்க்கு நேராக அமைவது இடக் காது. ஆதலால் அதுவே முதலில் மந்தமாகும். தந்தையாருக்கும் அவ்வாறே ஆயிற்று. நாம் கடல் கடந்து டெக்சஸ் மாநிலத்தில் குடியேறிய பின், தொலைபேசியில் நாம் ஒன்று கேட்க அவர் வேறொன்று சொல்வார். தாயார் மறைந்த செய்தியைக்கூட நாம் அவர் வாயிலாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டார்தாம் பேசினார்கள்.

இத்தனையும் சொல்லக் காரணம், சென்ற ஆண்டு நம் மூத்த மகன் வைத்த விண்ணப்பம். “அப்பா, குறி பார்த்துச் சுடும் கழகத்தில் சேர்ந்திருக்கிறேன். ஒரு .22 கைத்துப்பாக்கியும் அதற்கொரு சைலன்ஸரும் வாங்கப் போகிறேன்” என்றான். நாம் திடுக்கிட்டோம். நம் ஊர் வழக்கில் ஓசையில்லாத் துப்பாக்கி என்றால் அது திருட்டு வேட்டைக்காரனுடையதுதான். இந்திய ஆயுத விதிகளும் சுடும் ஓசையைக் குறைக்கும் கருவியைத் தடை செய்யப்பட்ட ஆயுதங்களோடு ஒரே வகுப்பில் வைத்திருக்கின்றன. திரைப்படத்தில் கொலைகாரன் பூட்டுகிற பொருளை நம் மகன் ஏன் பூட்ட வேண்டும்?

அவன் வாதாடவில்லை. “தாத்தாவின் காதை நினைத்துப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னான்.

அதன் பிறகே நாம் இதனைப் படித்தறிய முற்பட்டோம். இயந்திரத் துப்பாக்கியை ஆக்கிய ஹைரம் மாக்சிம், தம் துப்பாக்கிகளின் முழக்கத்தாலேயே செவிடானவர். அவர் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் ஒலியடக்கிக்கு உரிமைப்பட்டயம் பெற்றார். தந்தை இழந்த செவிக்கு மகன் செய்த பரிகாரம் என்றே நமக்குத் தோன்றியது. பின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டையாடுவோர் இதனைச் சாதாரணப் பொருளாகவே கொள்கிறார்களாம். திடீர் ஓசை 140 டெசிபலைத் தாண்டினால் செவிக்குக் கேடு, சிறிய.22 கைத்துப்பாக்கியே 150-ஐத் தாண்டும். ஒலியடக்கி பூட்டினால் ஏறத்தாழ 120-க்கு இறங்கும். படத்தில் வருவது போன்ற ‘புஸ்’ என்ற ஓசை வெறும் கற்பனை.

இனி, எதைத் தேர்வது? கடையில் ஒரு முழுச் சனிக்கிழமை சென்றது. .22 தோட்டா ‘ரிம்ஃபயர்’ வகை. எரியூட்டும் மருந்து அதன் அடி விளிம்பில் இருக்கும். வேகம் குறைவு. தோட்டா ஒலியின் வேகத்தை, அஃதாவது விநாடிக்குச் சுமார் 340 மீட்டரை, மிஞ்சினால் காற்றைக் கிழிக்கும் ஓசை தனியே எழும். அதை எந்த அடக்கியும் தடுக்காது. கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலிலிருந்து புறப்படும் .22 பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. ஒலியடக்கிக்கு இது இவ்வளவு பொருந்துவதன் காரணம் இதுவே.

அடுத்தது, குழல். பெரிய கைத்துப்பாக்கிகள் பலவற்றில் சுடும்போது குழல் சற்றே அசையும். நுனியில் பாரம் ஏற்றினால் இயக்கம் தடைப்படும். ரூகர் மார்க் 4 போன்றவற்றில் குழல் அசையாது நிற்கும். நுனியில் அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 சுற்று மரை வெட்டியிருந்தால் ஒலியடக்கியை நேரே திருகலாம். வால்தர் பி22-க்கு இடையில் ஓர் இணைப்பு வேண்டும் என்றார் கடைக்காரர். மகன் முதலில் நீண்ட குழலுள்ளதையே விரும்பினான். ஒலியடக்கியைப் பூட்டி நீட்டிப் பார்த்தபோது ஏற்றக்கோல் போல முன்பக்கம் தாழ்ந்தது. ஆகவே 4.4 அங்குலக் குழலுடைய 22/45 லைட் என்பதே முடிவாயிற்று. நமக்குப் பிடித்தது வேறொன்று. .22 குண்டு பெரும்பாலும் ஈயம். கரியும் ஈயமும் எங்கும் அப்பும். மார்க் 4-ஐ ஒரே பொத்தானை அழுத்திப் பிரித்துத் துடைக்கலாம். அதற்கேற்ப ஒலியடக்கியும் பிரித்துக் கழுவக்கூடியதாகவே வாங்கச் சொன்னோம். நாட்டுத் துப்பாக்கியைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த கை அல்லவா?

நம் குடும்பங்கள் மறக்கலாகாதது ஒன்று. ஒலியடக்கிக்கு இந்நாட்டில் 1934 முதல் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரியிலிருந்து நீங்கியதே தவிர, கைரேகை, புகைப்படம், அரசின் முன்னனுமதி எதுவும் நீங்கவில்லை. கலிபோர்னியா முதலிய சில மாநிலங்களில் அதை வைத்திருப்பதே குற்றம். வேலை மாறிச் செல்வோர் எண்ணிப் பார்க்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலன்றி, துப்பாக்கியை வைத்திருக்கவே கூடாது. நம் தங்கை மகன் ஆசையோடு உடன்வரக் கிளம்பினான். மாமா என்ற முறையில் கண்டித்து நிறுத்தினோம். அவனுக்கு மனத்தாங்கல்தான், ஆனால் விசா போனால் யார் வாங்கித் தருவது?

கோடையில் தந்தையார் நம்மிடம் வந்திருந்தார். சுடுமிடத்துக்கு அவரையும் அழைத்துச் சென்றோம். பார்வையாளராக வந்தவர் ஆதலின் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தோம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சில் அமர்ந்தார். காதில் மாட்டிய மூடியை இருமுறை கழற்ற முயன்றார். இருமுறையும் பேரன் மீண்டும் மாட்டினான். பிறகு பேரன் பத்துத் தோட்டாக்களை நிதானமாகச் சுட்டான். அட்டையில் துளைகள் விழுந்தன. தந்தையார் வானத்தைப் பார்த்தார்; பிறகு எங்களைப் பார்த்தார்.

“என்னடா கண்ணா, மருந்து நனைந்துவிட்டதா?” என்று கேட்டார்.