முகமும் முன்னிலையும்

மனிதரின் முகத்தை உள்ளவாறே எழுதும் கலை, பதினைந்தாம் நூற்றாண்டு நெதர்லாந்து நிலப்பகுதியில் பெருஞ்சிறப்பு எய்தியது. யான் வான் ஐக் 1432இல் நிறைவுசெய்த கென்ற் நகரப் பலிபீட ஓவியத்தின் வெளிப்பலகைகளில், அதற்குப் பொருள் வழங்கிய யூஸ் வைட் என்னும் செல்வரும் அவர் மனைவியும் மண்டியிட்டுக் கைகூப்பியிருக்கின்றனர். மெல்லிய படலங்களாகப் பூசப்பெற்ற எண்ணெய் வர்ணம் அவருடைய தளர்ந்த கன்னத்தையும் முகத்து மருக்களையுங்கூட மறைக்கவில்லை. இறைவன் முன் மறைக்க என்ன இருக்கின்றது என்று அம்முகம் வினவுவது போலும்.

பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இவ்வோவியத்தின் படத்தைக் கண்ட மாணவன் ஒருவன், அத்தகைய முகத்தைத் தேடித் தெகல்தொருவ விகாரைக்குச் சென்றான். கண்டியை 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் தொடக்கிவைத்த குகைக் கோயில் அது. செந்நிறப் பின்னணியில் வெஸ்ஸந்தரன் கதை விரிகின்றது. விதானத்திலே மாரனின் போர் நிகழ்கின்றது. ஆயினும் ஒளிநிழல் இல்லை. ஆளுக்கு ஆள் வேறுபடுவன பெரும்பாலும் உடையும் முடியுமே. தம்புள்ளை மூன்றாங் குகையிலுள்ள அம்மன்னனின் சிலையையும் அவன் கண்டிருந்தான். மதுரை நாயக்கர் உறவில் வந்த அரசன், பௌத்த மக்கள் முன் அரசனாகவே தோன்றவேண்டியிருந்தது. அங்கே முகத்திலும் அரசகோலமே முதன்மை பெற்றது.

விடுமுறையில் ஹந்தானைத் தோட்டத்து லயத்துக்குத் திரும்பியவன், தன் அப்பாயியை வான் ஐக்கின் முறையிலே எழுத எண்ணினான். தாளையும் பென்சிலையும் கண்டதும் அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“என்னைய எந்தக் கப்பல்ல ஏத்தப் போற ராசா?”

வேடிக்கையாகக் கேட்கப்பட்ட கேள்வியன்று அது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அப்பாயி இங்கே தங்கினார். அவருடைய தம்பி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினார். கடவுச்சீட்டுக்காகக் கண்டியில் எடுத்த படத்தின் பிரதியொன்று இன்றும் றங்குப்பெட்டியில் இருக்கின்றது. நேரே நோக்கி அசையாதிருக்குமாறு பணிக்கப்பட்ட முகம் அது. தம்பி மீண்டும் வரவில்லை. படம் பிடித்தால் ஊர் பிரியவேண்டும் என்பதே அப்பாயி அறிந்த உருவப்படக் கலை.

ஒவ்வோர் உருவமும் எவர் முன்னிலையிலோ நிற்பதற்கே ஆக்கப்படுகின்றது என்பதை மாணவன் அன்று உணர்ந்தான். வைட் இறைவன் முன் நின்றார். கீர்த்தி ஸ்ரீ குடிகள் முன் நின்றான். தம்பியோ அதிகாரி முன் நின்றார். அப்பாயியின் முகத்தை அன்புகொண்டு கேட்டவர் அதுவரை எவருமிலர்.

“எங்கேயும் அனுப்புறதுக்கு இல்ல அப்பாயி. நம்ம வீட்டுச் சுவருக்குத்தான்.”

நெடுநேரம் கழித்து முந்தானை விலகியது. கொழுந்துக்கூடையின் கயிறு நெடுங்காலம் அழுந்திய தலையுச்சியில் மயிர் தேய்ந்திருந்தது. அதனை எழுதலாமா என்று அவன் தயங்கினான்.

“அதையும் போடு. அது இல்லாட்டி தம்பிக்கே என்னைய அடையாளந் தெரியாது,” என்றார் அப்பாயி.