கூலிக்குப் போன கழுத்துகள்

தில்லி ஜனக்புரியில் ஆட்டோவை நிறுத்தி 'ஜெயில் ரோடு' என்றால் போதும். எந்த ஜெயில் என்று யாரும் கேட்பதில்லை. திகார் 1958-ல் வந்தது. எழுபதுகளில் தில்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ. நிலத்தை அளந்து ஏ, பி, சி, டி என்று பிளாக் போட்டபோதுதான் ஜனக்புரி முளைத்தது. குடித்தனங்கள் வருவதற்கு முன்பே மதில் வந்துவிட்டது. இப்போது அந்த மதிலுக்குச் சற்றுத் தள்ளி தில்லி ஹாட் வேறு இருக்கிறது. கைதிகள் செய்யும் பிஸ்கட்டும் கடுகெண்ணெயும் 'டி.ஜே.' முத்திரையோடு வெளியே விற்கின்றன. நம் மாமிகள் கடுகெண்ணெய்ப் பக்கம் போவதில்லை; பிஸ்கட்டுக்கு ஆட்சேபணை கிடையாது.

கைதிகளைச் சந்திக்க விடும் முலாகாத் நாளில் வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் பெண்கள். கையில் பிளாஸ்டிக் பை, அதில் மடித்த பனியன், துண்டு. வகிட்டில் குங்குமம் அப்பிய ஒருத்தி அடையாள அட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். உள்ளே இருப்பவன் என்ன செய்தான் என்று பக்கத்தில் நிற்பவள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அந்த வரிசையில் அப்படி ஒரு மரியாதை உண்டு.

ஏ பிளாக் பூங்காவில் அந்த மரியாதையெல்லாம் இல்லை. காலை ஆறரைக்கு நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால் நாட்டிலுள்ள எல்லா வழக்குக்கும் ஏழு மணிக்குள் தீர்ப்பு வந்துவிடும். மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர்கள் இருவர், ரயில்வே போர்டு ஒருவர், வங்கி ஒருவர். நான் ஓரத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பவன். பேசாதவனை அவர்கள் நாளடைவில் மறந்துவிட்டார்கள்.

"டிரம்முல போட்டு சிமெண்ட் ஊத்தியிருக்கா சார்! எந்த ஊர்ல நடக்கும்?"

மீரட்டில் நடந்தது, 2025 மார்ச்சில். கணவனைக் கொன்று உடலை நீல டிரம்மில் அடைத்ததாக மனைவியும் அவள் நண்பனும் கைதானார்கள். அதன் பிறகு நீல டிரம் என்றாலே கேலி. வட இந்தியாவில் வாட்ஸப் வைத்திருக்கும் ஒருவரும் அந்த டிரம் படத்திலிருந்து தப்பவில்லை. அதே ஆண்டு ஜூலையில், கூப்பிடு தூரத்தில், உத்தம் நகரில் இன்னொன்று. கணவனின் சாப்பாட்டில் தூக்க மாத்திரை, பிறகு மின்சாரம் வைத்தது என்கிறது போலீஸ். கைதானவர்கள் மனைவியும், கணவனின் உறவுக்காரப் பையனும். முதலில் விபத்து என்றுதான் சொல்லப்பட்டதாம். காட்டிக் கொடுத்தது இன்ஸ்டாகிராமில் இருவரும் எழுதிக்கொண்டது. வழக்கு இன்னும் நீதிமன்றத்தில். பூங்காவில் முடிந்துவிட்டது.

"இனிமே ராத்திரி சாப்பாடு வெளியிலதான் ஓய்!" என்றார் ரயில்வே போர்டு. சிரிப்பு. எதிர் பெஞ்சில் மாமிகள். அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ரயில்வே போர்டுக்கு நாற்பது வருஷமாகத் தட்டில் போட்டவர், வெறுமனே முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலைன்னா டைவர்ஸ் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார் வங்கி. தினமும் கேட்கப்படுகிற கேள்வி.

சி பிளாக்கிலிருந்து வரும் கிழ சர்தார்ஜி அப்போதுதான் தடியை ஊன்றி நின்றார். பெண்களைச் சொல்கிறீர்களே, டாக்டர் ஜெயினை மறந்துவிட்டீர்களா என்றார் இந்தியில். அண்டர் செக்ரட்டரி இருவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். அந்த வயதில் தில்லியில் இருந்த எவருக்கும் அந்தப் பெயர் போதும். சென்னைக்காரர்களுக்கு ஆளவந்தார் கொலை மாதிரி.

டாக்டர் என்.எஸ். ஜெயின், குடியரசுத் தலைவரின் கௌரவக் கண் மருத்துவர். வீடு டிஃபன்ஸ் காலனியில். 1973 டிசம்பர் 4, மாலை ஏழு மணியைத் தாண்டியிருந்தது. தில்லி டிசம்பரில் அது நல்ல இருட்டு. உறவினர் வீட்டுக்குப் போக டாக்டரும் மனைவி வித்யாவும் காருக்கு வந்தார்கள். காத்திருந்தவர்கள் வித்யாவை இழுத்துப் போனார்கள். வீட்டுக்கு எதிரே இருந்த சாக்கடைக் கால்வாயில், கத்திக்குத்துகளோடு அவரைக் கண்டெடுத்தார்கள். கணவர் மேல் கீறல் இல்லை. மனைவியின் நகைகளும் அப்படியே இருந்தன. திருட வந்தவர்கள் எதையும் எடுக்காமல் போனால் போலீஸ்காரனுக்கு வேறு எங்கே பார்க்கத் தோன்றும்?

பார்த்தார்கள். டாக்டரிடம் செயலாளராக இருந்த சந்திரேஷ் சர்மா என்ற பெண்ணிடம் போய் நின்றது வழக்கு. அங்கிருந்து இறங்குமுகமாக ஒரு சங்கிலி. அவளுக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று கைமாறிக் கைமாறி, கடைசியில் கத்தி பிடித்த இருவர்: கர்தார் சிங், உஜாகர் சிங். அவர்கள் வித்யாவைக் காதலிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. பேசிய கூலிக்கு வந்தவர்கள்.

விசாரணை நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது டாக்டருக்கும் சந்திரேஷுக்கும் ஆயுள் அப்படியே நின்றது. கர்தாருக்கும் உஜாகருக்கும் மட்டும் தூக்காக உயர்ந்தது. 1983-ல், இதோ இந்த மதிலுக்குள், மூன்றாம் நம்பர் ஜெயிலின் 'ஃபான்ஸி கோட்டி' என்ற தூக்குக் கொட்டடியில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்த சிறை அதிகாரி சுனில் குப்தா, தன் பணிக்காலத்தில் தான் பார்த்த எட்டுத் தூக்குகளைப் பற்றி சுனேத்ரா சௌத்ரியுடன் சேர்ந்து 2019-ல் புத்தகம் எழுதினார். 'பிளாக் வாரண்ட்'. 2025-ல் நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்தது. பூங்காவில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

கத்தி பிடித்த கைக்குத்தான் கூடுதல் தண்டனை என்பதில் ஒரு சட்ட நியாயம் இருக்கலாம். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. யாருக்கு அந்தச் சாவு வேண்டியிருந்ததோ அவர்களுக்குக் கயிறு இல்லை. வித்யா இருந்தாலும் போனாலும் வாழ்க்கையில் ஒன்றும் மாறாத இருவருக்குக் கயிறு. டாக்டர் பின்னாளில் மறுமணம் செய்துகொண்டிருந்தால் இவர்களைக் கல்யாணப் பந்தலுக்குக்கூடக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

சர்தார்ஜி டாக்டர் பெயரைச் சொன்னார், செயலாளர் பெயரைச் சொன்னார், தூக்கில் போனவர்கள் பெயரையும் சரியாகச் சொன்னார். "அந்த அம்மா பேரு என்ன?" என்று எதிர் பெஞ்சிலிருந்து ஒரு மாமி கேட்டபோது நெற்றியைத் தடவினார். வரவில்லை.

வங்கிக்காரரின் கேள்விக்கு வருகிறேன், வாயால் சொல்லாவிட்டாலும். 1973-ல் இருவரும் ஒத்துப் பிரிவதற்கு இந்து திருமணச் சட்டத்தில் வழியே இல்லை. 13-பி பிரிவு வந்தது 1976 திருத்தத்தில். ஆனால் உத்தம் நகரிலும் மீரட்டிலும் அந்தப் பிரிவு கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. கள்ள உறவு குற்றம் என்ற இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவையும் 2018-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. போலீசுக்குப் பயந்து ஒளிய வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. விவாகரத்து என்றால் கணக்குச் சொல்ல வேண்டும். வீடு யாருக்கு, ஜீவனாம்சம் எவ்வளவு, பிள்ளை யாரோடு, ஊருக்கு என்ன பதில். கொலையில் செத்தவர் பங்கு கேட்பதில்லை. கொன்றவர்கள் தங்களைப் பாவிகளாக நினைப்பதைக் காட்டிலும் சமர்த்தர்களாக நினைப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்; சிக்கனமாக முடித்துவிட்டோம் என்று.

அந்தக் கணக்கும் தப்பு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 25-ஆம் பிரிவு, 1956-லிருந்து இருக்கிறது: ஒருவரைக் கொன்றவருக்கோ கொலைக்கு உடந்தையாக இருந்தவருக்கோ அவர் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. வீட்டுக்காக, வைப்புத் தொகைக்காகத் துணையைத் தீர்த்துக்கட்டினால், பிடிபட்ட பிறகு வாசற்படிகூட மிஞ்சாது. பூங்காவில் யாரும் இந்தப் பிரிவைப் பேசியதில்லை. யார் யாரோடு போனார்கள் என்பதற்கே ஏழு மணி ஆகிவிடுகிறது, பணத்துக்கு நேரமிருப்பதில்லை.

அன்று கொஞ்சம் இருந்தது. ஆண்கள் பேச்சு மெட்ரோ மெஜன்டா லைனுக்குத் தாவியிருந்தது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மாமி எழுந்து வந்து வங்கிக்காரரிடம் கேட்டார்:

"ஏன் சார், உங்க பையன் எல்.ஐ.சி.லதானே இருக்கான்? என் பாலிசியில நாமினியா இவர் பேரு இருக்கு. பொண்ணு பேருக்கு மாத்தணும்னா நேர்ல போகணுமா?"

"என்னடி திடீர்னு?" என்றார் ரயில்வே போர்டு.

"உங்களைக் கேட்கலை. சொல்லுங்க சார், எந்த ஃபாரம்?"