பாவும் ஊடையும்

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில், லேடாங் மலையின் அடிவாரத்தில் அமைந்த தங்காக் நகரம் துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்றது. திருமணத்திற்கும் திருநாளுக்கும் ஆடை எடுக்கத் தொலைவிலிருந்தும் மக்கள் அங்கே வருவர். விரித்துக் காட்டப்படும் துணியின் நிறத்தையும் பூவேலையையும் காண்போர் பலர். அதன் நெசவை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நீளவாக்கில் விறைப்பாக நிற்கும் இழை பாவு. குறுக்கே ஓயாது ஓடித் திரும்பும் இழை ஊடை. இரண்டும் ஒரே திசையில் சென்றால் கிடைப்பது நூற்கற்றையே அன்றித் துணியன்று.

மனிதர் கூடிச் செய்யும் பணியும் இத்தகையதே. தம்மைப் போன்றோரையே தேடிச் சேர்த்துக்கொள்வது மாந்தர் இயல்பு. அவ்வாறு சேர்ந்தோரிடையே சச்சரவு குறையும் என்பது உண்மைதான். ஆயின், ஒருவர் காணாத குறையை மற்றவரும் காணமாட்டார். ஒருவரால் இயலாததை மற்றவராலும் செய்ய இயலாது. இயல்பால் மாறுபட்டோர் இணைவதே பெரும் பணிகளுக்கு வழிவகுக்கும்.

தமிழக வரலாறு இதற்கு நல்லதொரு சான்று தருகிறது. 1953இல் இராஜாஜியின் அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 'குலக்கல்வி' என்று பெயர்பெற்ற அத்திட்டத்திற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் காமராசர் 93 வாக்குகள் பெற்று வென்றார். 41 வாக்குகள் பெற்ற சி. சுப்பிரமணியம் தோற்றார்.

இருவரும் எவ்வளவு வேறுபட்டவர்கள்! காமராசர் இளமையிலேயே பள்ளிப்படிப்பை இழந்தவர். சிறைவாசத்திலும் ஊர்ப்பயணத்திலும் உலகைக் கற்றவர். சில சொற்களில் பேச்சை முடிப்பவர். சுப்பிரமணியமோ சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று சட்டப் பட்டம் பெற்றவர். அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றவர். கணக்கையும் சட்ட நுணுக்கத்தையும் விளக்கமாக எடுத்துரைப்பவர். காமராசர் இராஜாஜியின் எதிரணியில் நின்றவர். சுப்பிரமணியம் இராஜாஜியின் அணுக்கர்.

வென்றவர் தோற்றவரை ஒதுக்குவது அரசியலில் வழக்கம். காமராசர் அதைச் செய்யவில்லை. தம்மை எதிர்த்த சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணைநின்ற பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையிலேயே அமர்த்தினார். நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்தின் பொறுப்பாயின. எந்தக் கல்வித் திட்டத்தால் முந்தைய அரசு வீழ்ந்ததோ, அதைக் கைவிடும் அறிவிப்பை 1954 மே மாதம் சட்டமன்றத்தில் முன்வைத்தவரும் அவரே.

பசித்த பிள்ளை படிக்க வராது என்பதை உணர்ந்தவர் முதலமைச்சர். அந்த உணர்வு திட்டமாக வேண்டுமானால் நிதி ஒதுக்கீடும் விதிமுறையும் வேண்டும். 1956இல் விரிவாகத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், மக்களின் ஈகையோடு அரசின் நிதியும் சேர்ந்தே வளர்ந்தது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு மூன்றாவது இயல்பினர். ஊர் ஊராகச் சென்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி, மக்களைக் கொடையாளர் ஆக்கினார். நோக்கம் ஒருவரிடம், கணக்கு ஒருவரிடம், களப்பணி ஒருவரிடம். ஏழைப் பிள்ளைகள் பள்ளி வாயிலை மிதிக்க இம்மூன்றும் வேண்டியிருந்தன.

மாறுபட்டோர் கூடினாலே போதும் என்பதன்று. நோக்கம் ஒன்றாக இல்லாவிடில் அவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பர். வென்றவரிடம் பெருந்தன்மையும், தோற்றவரிடம் மனக்கசப்பின்மையும் இருந்தமையால்தான் அந்த அமைச்சரவை நிலைத்தது. பின்னர் 1969இல் காங்கிரசு பிளவுற்றபோது இருவரும் வெவ்வேறு அணிகளில் நின்றனர். ஆயினும் அவர்கள் சேர்ந்து இட்ட அடித்தளம் பெயரவில்லை. கூட்டுப்பணிக்கு வாழ்நாள் முழுவதும் ஒத்த கருத்து வேண்டுவதில்லை. கையிலுள்ள பணி முடியும்வரை ஒத்த நோக்கம் போதும்.

இவனால் இது இயலும் என்று ஆய்ந்து, அவனிடமே அதை விட வேண்டும் என்பது தெரிந்து வினையாடலில் வள்ளுவர் உணர்த்தும் நெறி. ஆராய்தல் ஒரு கடமை; ஆராய்ந்தபின் குறுக்கிடாது விடுதல் மற்றொரு கடமை. பலர் முன்னதைச் செய்து பின்னதில் தவறுகின்றனர்.

சிற்றூர்த் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் அறையிலும் இந்நெறி பொருந்தும். கலைவிழா என்றதும் துள்ளியெழும் ஆசிரியர் ஒருவர் இருப்பார்; செலவு எவ்வளவு என்று முதலில் கேட்கும் ஆசிரியை ஒருவர் இருப்பார். அவரைத் தடைக்கல் என்று இவரும், இவரைப் பொறுப்பற்றவர் என்று அவரும் எண்ணினால் விழா நடவாது. ஒருவரின் வேகமும் மற்றவரின் நிதானமும் ஒரே பிள்ளைகளுக்காகவே என்பதைத் தலைமையாசிரியர் இருவருக்கும் உணர்த்திவிட்டால், விழாவும் நடக்கும், கடனும் மிஞ்சாது. மாணவரும் அங்கே ஒரு பாடம் கற்பர். தம்மினும் வேறுபட்டவரோடு பணியாற்றும் பண்பு நூலில் படித்து வருவதன்று. ஆசிரியரிடம் கண்டு வருவது.