மேலூர்ப் பக்கத்துத் தரிசு உளுந்து

குளிர்தேசத்துக் கால்நடைப் பண்ணைகளில், பல வருஷம் அறுபட்ட குதிரைமசால் என்னும் பயறினத் தீவனப்பயிர் இடையிடையே பட்டுப்போகத் தொடங்கியதும், நிலத்தை உழாமலே அதன் நடுவில் புல் விதைப்பது வழக்கம். முதிர்ந்த குதிரைமசால் மண்ணில் விடும் நச்சுப்பொருள் தன் இனத்து இளங்கன்றையே தலையெடுக்க விடாதாகையால், அங்கே மறுபடி அதையே விதைப்பதில் பிரயோஜனம் குறைவு. மதுரைச் சீமையில் இந்தக் காரியம் தலைகீழாக நடக்கிறது. இங்கே முதிர்ந்து நிற்பது புல்லினத்து நெல். உழவின்றி அதனுள் குடிபுகுவது பயறினத்து உளுந்து.

1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர், பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகத்துக்கும், அதற்கப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்கும் பாய்கிறது. ஒருபோகக்காரருக்குத் தை அறுப்போடு வாய்க்கால் ஓய்ந்துவிடும். மண்ணில் மிஞ்சிய ஈரமும் பின்பனியுமே உளுந்துக்கு ஆதாரம். அதனால்தான் அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பாகவே, ஏக்கருக்கு ஏறக்குறைய 10 கிலோ விதையை நிற்கிற நெல்லுக்குள் தூவிவிடுகிறார்கள்.

நான் போயிருந்த வயலில், விதைக்க வந்த பெரியவர் பெட்டியை வரப்பில் வைத்துவிட்டு, முதலில் வெறுங்காலோடு நெல்லுக்குள் இறங்கிக் குதிகாலை அழுத்தி எடுத்து, அந்தக் குழியையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். குழியில் மெல்ல நீர் ஊறிற்று.

"தடம் பதியணும், தண்ணி ஊறக் கூடாது, அதுதான்யா மெழுகுப் பதம். இன்னும் ரெண்டு நாள் காயணும்."

ஈரம் மிகுந்தால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. இந்த நுட்பத்தை எந்தக் கருவியின் துணையுமின்றிக் காலால் அறிகிற அவருடைய ஞானத்தை நான் வியந்துகொண்டிருக்கையிலேயே, அவர் மடி கட்டிக்கொண்டு விதைக்கத் தொடங்கிவிட்டார். நெல் அறுக்கும் பெல்ட் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டதாம். அந்த வண்டி தரகர் குறித்த நாளில் வரும், மண் காயும்வரை காத்திராது.

அவர் கை வீச்சில் சிதறிய விதைகள் தாள்களில் பட்டு நழுவிச் சேற்றில் பாதி புதைந்து கிடந்தன. கருந்தோலும் அதன் ஓரத்து வெண்தழும்பும் குனிந்து பார்த்தால்தான் தெரிந்தன. அரிவாள் அறுப்பு நடந்த காலத்தில் அறுப்பவர் பாதமே அவற்றை மண்ணுக்குள் அமுக்கிவிடும். இயந்திரமோ தன் தடத்தில் முளையை நசுக்கி, மிச்சத்தின்மேல் வைக்கோலை வரிசையாகக் கொட்டிப் போகிறது. வண்டிக்காரர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அறுக்க ஆள் கிடைக்காத குறைக்கு அவர் வந்தவர்.

அடுத்த வயலில் களை பார்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம் இதைச் சொன்னபோது, "முன்னெல்லாம் நெல்லும் அறுத்தோம், உளுந்தும் பிடுங்குனோம், இப்ப உளுந்துக்கு மட்டுந்தான் கூப்பிடுறாக" என்றார்.

பெட்டி காலியானதும், ஈரம் அதிகமென்று தாமே சொன்ன வயலில் விதைத்துவிட்டீர்களே என்று பெரியவரைக் கேட்டேன்.

"அதுக்குத்தான்யா ரெண்டு கிலோ சேத்துப் போட்டிருக்கேன்" என்றார்.