அப்பாவின் லேண்ட் ரோவருக்கு வேறு என்ஜின்

"பாப்பா, வண்டி படுத்துருச்சு" என்றான் அண்ணன்.

மார்ச் மாதம், வேலை நாள், மதியம் மூன்று மணி. பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் கூட்ட அறைக்கு வெளியே நின்று பேசினேன். லெம்பா பெர்த்தாமில் ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டதாம். பின்னால் இருபத்திரண்டு கூடை முட்டைக்கோஸ். பக்கத்துத் தோட்டக்காரர் தன் வண்டியில் சங்கிலி கட்டி மேலே இழுத்துவிட்டிருக்கிறார். அதற்குள் ரிங்லெட்டில் காத்திருந்த தவுக்கேயின் லாரி கிளம்பிவிட்டது. அன்றைய கோஸ் மறுநாள் பாதி விலைக்குப் போனது.

எங்கள் வீட்டில் 'வண்டி' என்றால் ஒன்றுதான். 1979ஆம் ஆண்டு லேண்ட் ரோவர், சீரிஸ் 3, 88 அங்குலக் குட்டை வண்டி. எனக்கும் அண்ணனுக்கும் மூத்தது. கேமரன் மலைக்கு வந்தவர்கள் இந்த இனத்தைப் பார்த்திருப்பீர்கள். கூரைக்குப் பதில் தார்ப்பாய், உடம்பெல்லாம் மஞ்சள் சேறு, பின்னால் காய்கறிக் கூடைகள். நீங்கள் நிறுத்திப் படம் எடுப்பீர்கள். எங்களுக்கு அதுதான் பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் கார். உடம்பு அலுமினியக் கலவை என்பதால் மலை மழையில் துருப்பிடிக்காது. துருப்பிடிப்பது அடியில் இருக்கும் இரும்புச் சட்டம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அதன் டீசல் சத்தம் மேல் வளைவில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவார். அப்பா பூட்ஸைக் கழற்றிக் கால் கழுவிவிட்டு வரும்போது கோப்பை தயாராக இருக்கும். இப்போது ஓட்டுவது அண்ணன். அப்பாவுக்கு 73 வயது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அடுப்பு மூட்டுவது மட்டும் மாறவில்லை.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். பட்டறைக்கார அங்கள் என்ஜினை ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் தேய்ந்து, மேலே அழுத்தம் கொடுக்க வேண்டிய காற்று கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது. நான்கு நாளைக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குடித்ததாக அண்ணன் அப்போதுதான் ஒப்புக்கொண்டான்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, இதே என்ஜினைப் பிரித்து சிலிண்டரைக் கடைந்து, பெரிய அளவு பிஸ்டன் போட்டு, கிராங்க்கைத் தேய்த்து, டீசல் பம்ப்பை ஈப்போவுக்கு அனுப்பிச் சரிசெய்வது. 7,200 ரிங்கிட். இன்னொன்று, ஹாஃப் கட் கடையிலிருந்து இசுசு 4ஜேபி1 என்ஜினை வாங்கி, பழைய கியர் பாக்ஸோடு பொருந்த இடையில் ஒரு அடாப்டர் தட்டு வைத்து மாற்றுவது. 11,500.

கணக்கு என் தொழில். அன்றிரவே எக்செலில் இறங்கினேன். பழைய என்ஜின் 2,286 சிசி, புதிதாக இருந்தபோதே 62 குதிரைத்திறன். டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ரிங்லெட்டே ஆயிரம் மீட்டருக்கு மேல். ஆக, 7,200 கொடுத்து என்ஜினைப் புத்தம் புதிதாக்கினாலும் கிடைப்பது ஐம்பத்துச் சொச்சம். இசுசு 2.8 லிட்டர். சின்ன லாரிகளிலும் பிக்கப்களிலும் வந்த என்ஜின் என்பதால் உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டாம். டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை, செலவு குறையும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15இலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியதே, அந்தத் தேதியை அண்ணன் தன் திருமண நாளைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறான்.

எண்களெல்லாம் இசுசு பக்கம் நின்றன. ஆனாலும் மறுநாள் காலை நான் சொன்னது இதுதான்: "பழைய என்ஜினையே செய்ண்ணே. முழுக் காசும் நான் தரேன். மாத்துறதா இருந்தா பாதிதான் தருவேன்."

பணம் தருகிறவளின் திமிர் அது. இன்று எழுதும்போது கூசுகிறது.

அண்ணன் கோபப்படவில்லை. "நீ வருஷத்துக்கு நாலு தடவ வர்ற. வந்தா ஏறி ஒக்காந்து போட்டோ எடுத்துக்குற. வாடக நெலம், மழை, தவுக்கே லாரி, இதெல்லாம் எனக்குத்தான். அது நடுவழியில நின்னா கூப்பிடுறதுக்கு நீ இங்க இருக்கியா?" என்று மட்டும் கேட்டான்.

நான் உதவிக்கு அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து வண்டியின் கிராண்டை எடுத்து வந்தார்.

"இதைப் படி. என்ஜின் நம்பர் மாறியிருக்கா?"

மாறியிருந்தது. தாத்தா தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, இபிஎஃப் பணத்தில் இதைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். அப்போது அது பெட்ரோல் வண்டி. 1989இல், விழுந்து நொறுங்கிய வேறொரு லேண்ட் ரோவரின் டீசல் என்ஜினை அப்பா வாங்கி இதில் வைத்திருக்கிறார். பெட்ரோல், டீசல் இரண்டும் ஒரே குடும்பத்து என்ஜின் என்பதால் பழைய தாங்கியிலேயே உட்கார்ந்துவிட்டதாம்.

"தாத்தா ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. பெட்ரோல் வண்டி சத்தமே போடாது. இது வந்ததும், என்னடா இது, கல்லு உடைக்கிற மிஷின வாங்கிட்டு வந்துட்டேன்னாரு."

நான் காப்பாற்ற நினைத்த சத்தம் அதுதான்.

அப்பா அதோடு விடவில்லை. "என்ஜின் கெடக்கட்டும். அடியில சட்டம் எப்படி இருக்கு, பாத்தீங்களா?" என்று கேட்டார். நானும் பார்க்கவில்லை, அண்ணனும் பார்க்கவில்லை. பட்டறையில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள, அங்கள் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் 'தொப்' என்றது. அடுத்த தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது.

அப்பா ஓட்டிய காலத்தில் பின் சக்கர அச்சுத்தண்டு இரண்டு முறை முறிந்திருக்கிறது. குட்டை வண்டிகளின் பலவீனம் அது. அவர் ஒரு தண்டை எப்போதும் சீட்டுக்குப் பின்னால் வைத்திருப்பாராம். 62 குதிரைக்கே முறிந்த தண்டு, அதிக இழுவிசைக்கு என்ன ஆகும்? நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், வேகமாக இறங்கினால் நிற்குமா? என் எக்செலில் இதற்கெல்லாம் வரிசையே இல்லை. முதலில் சட்டம், அடுத்தது பிரேக், கடைசியில் என்ஜின் என்று அப்பா முறை வகுத்தார். "கிளட்ச்ச ஒதச்சு வுடாத, தண்டு நிக்கும்" என்பது அண்ணனுக்குத் தனியாக.

வெல்டிங் 2,600, பிரேக் 900. மொத்தம் 15,000. அந்தக் காசுக்குப் பழைய ஹைலக்ஸ் ஒன்று கிடைக்கும்தான். அதையும் போய்ப் பார்த்தோம். ஆனால் தோட்டத்துக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. நீள வண்டி அதில் முன்னும் பின்னுமாக மூன்று முறை ஆட வேண்டும். சேற்றில், கூடைகளோடு, ஒரு பக்கம் பள்ளம்.

என்ஜினையே மாற்றச் சொன்னேன். ஜப்பான் சுற்றுலாவுக்குச் சேர்த்த பணம் கையில் இருந்தது. நான் ஜப்பானுக்குப் போகவில்லை, ஜப்பான் என்ஜின் ரிங்லெட்டுக்கு வந்தது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "மலையில யாரு வந்து என்ஜின் நம்பரப் பாக்கப் போறா?" என்றான் அண்ணன். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் பார்ப்பார்கள் என்றேன். என்ஜின் வாங்கிய ரசீது, இறக்குமதித் தாள், ஜேபிஜே அனுமதி, மலையிறங்கிப் போய்ப் புஸ்பாகோம் சோதனை, கிராண்டில் புது எண். அலைச்சல்தான். அதுவரை பக்கத்துத் தோட்டக்காரர் வண்டிக்கு நடைக்கு இவ்வளவு என்று கொடுத்துச் சமாளித்தான். அந்தச் செலவும் என் எக்செலில் இல்லை.

ஜூனில் போனபோது நானும் ஒருமுறை தோட்டத்துக்குப் போய்வந்தேன். இருபத்திரண்டு கூடையோடு அதே ஏற்றத்தை இரண்டாவது கியரில் ஏறினான். முகத்தில் சிரிப்பு. ஐடிலில் மட்டும் ஸ்டீயரிங் கை நடுங்கும் அளவுக்கு உதறுகிறது. தாங்கியின் ரப்பரை மாற்ற வேண்டும் என்கிறார் அங்கள். பழைய என்ஜின் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. எடைக்குக் கேட்டு வந்தவரிடம் அப்பா, "இருக்கட்டும், இன்னொரு நாள் பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

புது என்ஜினின் சத்தம் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. சாலையில் போகும் சாயூர் லாரிகளின் சத்தம் போலவே இருக்கிறதாம். முதல் வாரம் முழுக்க அண்ணன் வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுப்பு மூட்டியிருக்கிறார். இப்போது அவன் மேல் வளைவில் இரண்டு முறை ஹார்ன் அடிக்கிறான்.