கையை நீட்டாதீங்க

எங்க ஆபீஸ்ல லாமா என்றால் ஒரு ஏஐ மாடல். "சனிக்கிழமை லாமா பார்க்கப் போறோம்" என்றதும், பக்கத்து சீட்காரர் ஏதோ ட்ரெய்னிங் என்றே நினைத்துவிட்டார். நாங்கள் போனது நிஜ லாமாவைப் பார்க்க. போர்ட்லாந்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம், வில்லமெட் பள்ளத்தாக்கில், கைவிடப்பட்ட பண்ணை விலங்குகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன சரணாலயம்.

லாமாவுக்குச் சொந்த ஊர் ஆண்டிஸ் மலை. ஒட்டகத்தின் உறவு, ஆனால் திமில் கிடையாது. 1980-களில் அமெரிக்காவில் லாமா வளர்ப்பு பெரிய முதலீட்டு மோகமாக இருந்தது. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஈரோடு பக்கம் ஈமு கோழிக்கு நடந்ததுதான் இங்கேயும். விலை விழுந்தது. லாமாவோ 15, 20 வருஷம் வாழும். வேண்டாம் என்று விட்டவை இப்படிப்பட்ட இடங்களுக்கு வந்து சேர்ந்தன.

என் மகளுக்கு ஆறு வயது. புது ஆளைப் பார்த்தால் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நான் விட மாட்டேன். "போம்மா, ஆன்ட்டிக்கு ஹாய் சொல்லு, ஒரு ஹக் கொடு." இல்லாவிட்டால் மரியாதை தெரியாத பிள்ளை என்று பேர் வந்துவிடுமே! வேலிக்குள் நுழைந்ததும் அதே பாட்டு: "போய் தடவிக்கொடு, ஒண்ணும் பண்ணாது."

அங்கே வாலண்டியராக இருந்த வயதான அம்மா என்னைத் தடுத்தார். "கையை நீட்டாதீங்க. தலையைத் தொட்டா அதுக்குப் பிடிக்காது. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு சும்மா நில்லுங்க, அதுவா வரும்."

"துப்புமே?" என்றேன். சாப்பாட்டுச் சண்டையில் தங்களுக்குள் துப்பிக்கொள்வதுதான் அதிகமாம். அதற்கும் முன்னால் காதைப் பின்னால் மடக்கி, மூக்கை மேலே தூக்கி எச்சரிக்கும். கவனித்தால் போதும்.

தனி வேலிக்குள் ஒரு ஆண் லாமா நின்றது, 150 கிலோவாவது இருக்கும். அதன் பக்கம் யாரையும் விடவில்லை. குட்டியிலேயே மந்தையிலிருந்து பிரித்து, ஒரு குடும்பம் பாட்டில் பால் கொடுத்து மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்ததாம். அப்படி வளரும் ஆண் லாமா மனிதர்களையும் தன் இனம் என்றே நினைக்கும். பருவம் வந்ததும் மற்ற ஆண் லாமாவோடு மோதுகிற மாதிரி நம்மோடு மோத வரும். "அவன் மேல தப்பில்ல, ரொம்பக் கொஞ்சிட்டாங்க" என்றார் அந்த அம்மா. எனக்கு என்னவோ போல் இருந்தது.

மகள் கையைப் பின்னால் கட்டி நின்றாள். ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. நான் போனை எடுத்துவிட்டேன். பிறகு பழுப்பு நிற லாமா ஒன்று, "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே மெதுவாக வந்தது. அதன் பாதம் மெத்தை மாதிரி, சத்தமே இல்லை. அவள் மூக்குக்கு நேராக மூக்கை நீட்டி மூச்சு விட்டது. லாமாக்கள் ஒன்றையொன்று விசாரிப்பது இப்படித்தானாம். அவளும் திருப்பி ஊதினாள். "அப்பா, புல் வாசனை!"

அடுத்த வாரம் ஒரு பர்த்டே பார்ட்டி. நண்பர் ஒருவர் இரண்டு கையையும் விரித்து, "வாடா குட்டி" என்று அவளைத் தூக்க வந்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் நில்லுங்கண்ணே, அவளா வருவா" என்றேன்.

அன்று அவள் போகவே இல்லை. அண்ணனுக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.