புது டிராக்டர் பற்றிக் கேட்டவர்களுக்கு: 60 மணி நேரம் ஓட்டிய பிறகு

 

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதிலிருந்து ஒரே கேள்விதான். "அண்ணே, டிராக்டர் எப்படி ஓடுது?" "என்ன விலை?" "நம்ம தேரை இழுக்குமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட முடியல. இன்னைக்கு காலை ஷிப்ட் முடிஞ்சு வந்து உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். இது கோயிலுக்கு வாங்கின வண்டி இல்ல. ஈஜோக் பக்கம் அப்பா விட்டுட்டுப் போன ஆறு ஏக்கர் செம்பனை இருக்கு. அதுக்காக நானும் தம்பியும் சேர்ந்து வாங்கினது. கோயில் காசு ஒரு சென் கூட இதில் இல்லை. சிலர் வேற மாதிரி பேசுறதா காதுக்கு வந்துச்சு, அதனாலதான் சொல்றேன். ஆனா கோயில் வேலைக்கு எப்ப கூப்பிட்டாலும் வரும், டீசல் என் செலவு. விலையை நேர்ல கேளுங்க. கம்பெனி பேரும் எழுதல, விளம்பரம் ஆயிடும்.

40 குதிரைத்திறன். நாலு சக்கரமும் இழுக்கும். கூண்டு கிடையாது, மேல கூரை மட்டும்தான், அதனால வெயில் முழங்காலில் விழும். கிலோமீட்டர் கணக்கு இல்லை, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னுதான் மீட்டர் காட்டும். இப்ப 60 தாண்டிடுச்சு. 50 மணி நேரத்தில் முதல் சர்வீஸ் கண்டிப்பா செய்யணும். புது கியர் எல்லாம் ஒன்னோட ஒன்னு உரசி பழகுறப்ப இரும்புப் பொடி எண்ணெயில் கலக்கும். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், வெள்ளிப் பொடி மாதிரி மின்னுச்சு. தொழிற்சாலையில் புது மெஷின் வந்தாலும் இதே கதைதான். இதைத் தள்ளிப் போடுறவங்க பின்னாடி பெரிய பில் கட்டுவாங்க.

பிடிச்சது எதுன்னா, மெதுவா போறது! ஆமா, சிரிக்காதீங்க. கீழ் கியரில் போட்டா மனுஷன் நடக்கிறதை விட மெதுவா, கிளட்ச் மிதிக்காம, ஒரே சீராப் போகும். பின்னாடி சுத்துற தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று. அதில் புல் வெட்டும் கத்தியை மாட்டினா, மூணு பேர் மெஷின் தோளில் போட்டு ஒரு நாள் முழுக்க வெட்டின கோயில் திடல் ஒன்றரை மணி நேரத்தில் முடியுது. அந்தத் தண்டு சுத்துறப்ப வேட்டி, துண்டு, சேலை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அன்னதானத்துக்குத் தண்ணி டேங்கு கொண்டு வர்றப்ப உதவி செய்ய ஓடி வர்ற அக்காங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

பிடிக்காதது? மழைக்குப் பிறகு தோட்டத்துக்குள்ள போனா சக்கரத் தடம் ஆழமா விழுந்துடுது. நம்ம ஊர் மண் உங்களுக்கே தெரியும். கடலோரம் களிமண், பெஸ்தாரி ஜெயா பக்கம் கால் வெச்சா உள்ள இறங்குற மக்கிய மண். முன் பக்கம் எடை போட்டா ஸ்டீயரிங் நல்லாப் பிடிக்குது, ஆனா தடம் இன்னும் ஆழமாகுது. மழை விட்டு ரெண்டு நாள் காத்திருக்கிறதைத் தவிர வேற வழி தெரியல.

டீசல், புல் வெட்டுறப்ப மணிக்கு மூணரை லிட்டர் குடிக்குது. 2024 ஜூன் 10ல் லிட்டர் 2.15லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறின நாளை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சின்னத் தோட்டக்காரங்களுக்கு மாசம் 200 வெள்ளி உதவி அறிவிச்சாங்க. இன்னும் பதியாதவங்க விசாரிச்சுப் பாருங்க.

இனி தேர் விஷயம். இதுக்காகத்தான் முக்கியமா எழுத உட்கார்ந்தேன்.

தோட்டம் இருந்த காலத்தில் அம்மன் தேரை இழுத்தது தோட்டத்து சிவப்பு மெஸ்ஸி. தோட்டம் கைமாறின பிறகு பிக்கப் வாடகைக்கு எடுத்தோம். போன வருஷம் கிளட்ச் கருகின நாத்தத்தில் சாம்பிராணி வாசனையே தெரியல. இந்த வருஷம் புது டிராக்டர் இழுக்கட்டும்னு கூட்டத்தில் பேச்சு வந்தப்ப எனக்கு சந்தோஷம்தான். ஆனா கூடவே மூணு ஆசை சொன்னாங்க. சீட்டுக்குப் பின்னாடி நிக்கிற இரும்புக் கம்பியை மடக்கணுமாம், படம் எடுக்கிறப்ப அம்மனை மறைக்குதாம். மடக்கலைன்னா தேர்க் கயிறை அந்தக் கம்பி உச்சியில் கட்டணுமாம், உயரமா அழகா தெரியுமாம். உறுமி அடிக்கிற பசங்க ரெண்டு பேர் சக்கர மூடி மேல உட்காரணுமாம்.

மூணுக்கும் நான் முடியாதுன்னு சொன்னேன். சிலருக்கு வருத்தம். காரணத்தை அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்ல வாய் வரல. இங்க சொல்றேன்.

எங்க பெரியப்பா தோட்டத்து டிராக்டர் டிரைவர். எந்தத் தோட்டம்னு வேண்டாம். 1983ல் நான் ஃபாரம் ஒன். மழை நாள், பழக்குலை ஏத்தின டிரெய்லர் சேத்தில் மாட்டிக்கிச்சு. சங்கிலியை டிராக்டர் பின்னாடி உயரமான இடத்தில் மாட்டி இழுத்தாங்க. சக்கரம் நகரல. முன் பக்கம் தூக்குச்சு, அப்படியே பின்னாடி கவிழ்ந்துடுச்சு. குதிக்க நேரமே இல்லைன்னு பார்த்தவங்க சொன்னாங்க. அந்த வண்டியில் கம்பி இல்லை. பெரியம்மா அதுக்கப்புறம் டிராக்டர் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள்ள போயிடுவாங்க. தேர் வர்ற அன்னைக்கும் வாசலுக்கு வர மாட்டாங்க.

ஏன் அப்படி ஆகுது? பின் சக்கரம் சுத்த முடியாம நின்னுட்டா, எஞ்சின் பலம் வண்டியோட உடம்பையே அச்சைச் சுத்தித் தூக்கும். அச்சுக்குக் கீழ இருக்கிற கொக்கியில் மாட்டினா இழுவை மூக்கைத் தூக்க விடாது. மேல மாட்டினா தூக்குறதுக்கு உதவி செய்யும். அவ்வளவுதான் விஷயம்.

இது உலகம் பூரா நடந்த கதை. 1917ல் ஃபோர்ட் கம்பெனி ஃபோர்ட்சன் டிராக்டரை மொத்தமா செய்ய ஆரம்பிச்சுது. (அதே 1917லதான் நம்ம தென்னமரம் தோட்டத்தில் ஹென்ரி ஃபோகோனியேங்கிற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதல் தடவையா செம்பனையை வியாபாரத்துக்கு நட்டார். பேரு தென்னைமரம், நட்டது செம்பனை!) ஃபோர்ட்சன் கலப்பை எதிலாவது மாட்டினா பின்னாடி கவிழும், நிறைய பேர் செத்தாங்க. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் கலப்பையை மூணு இடத்தில் வண்டியோடு இணைக்கிற முறையைக் கொண்டு வந்தார், அது இந்த ஆபத்தைக் குறைச்சுது. மெஸ்ஸி ஃபெர்குசன் பேரில் இருக்கிறது அவர்தான். இன்னைக்கு என் வண்டியிலும் பின்னாடி அதே மூணு இணைப்புதான். ஆனா சங்கிலி போட்டு மேலேருந்து இழுத்தா அதுவும் காப்பாத்தாது. 1959ல் சுவீடன், புது டிராக்டர் எல்லாத்துக்கும் பாதுகாப்புக் கம்பி கட்டாயம்னு சட்டம் போட்டுச்சு. அங்க கவிழ்ந்து சாகிறவங்க எண்ணிக்கை நல்லாக் குறைஞ்சுது. அந்தக் கம்பியைத்தான் நாம போட்டோவுக்காக மடக்கச் சொல்றோம்.

அதனால கம்பி நிமிர்ந்தே இருக்கும், நான் பெல்ட் போட்டிருப்பேன். கம்பிக்கு மாலை, வேப்பிலை, வாழைக்கன்று என்ன வேணும்னாலும் கட்டுங்க, உங்க இஷ்டம். தேர் கீழ் கொக்கியில்தான் மாட்டும். வண்டி மேல என்னைத் தவிர யாரும் ஏறக்கூடாது, தலைவர் பேரப்பிள்ளையா இருந்தாலும் சரி. ரோட்டில் ஓட்ட கார் லைசன்ஸ் போதாது, டிராக்டருக்குத் தனி வகுப்பு. என்கிட்ட இருக்கு, தம்பிகிட்ட இன்னும் இல்லை. அதனால அவனைக் கேட்காதீங்க.

வடம் பிடிக்கணும்னு பெரியவங்க கேட்டது நியாயம். கோயில் வாசலிலிருந்து முச்சந்தி வரைக்கும் பக்தர்கள் கையால இழுக்கட்டும், டிராக்டர் அங்க காத்திருக்கும். பாரிட் பாலத்தில் இறங்குறப்ப மட்டும் கவனம் வேணும். தேருக்குத் தனி பிரேக் இல்லை, பின்னாடியிருந்து தள்ளும். ரெண்டு பக்கமும் கட்டை வெச்சுக்கிட்டு ஆள் நடக்கணும்.

வர்ற ஞாயிறு காலை 8 மணிக்கு, அம்மன் இல்லாம வெறும் தேரில் மணல் மூட்டை ஏத்தி பாலம் வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்னு இருக்கேன். இருபது மூட்டை வேணும். கட்டை பிடிக்க நாலு பேர், செருப்பு இல்லாம ஷூ போட்டு வாங்க. வர்றவங்க கீழ பேர் போடுங்க, நாசி லெமாக் எத்தனை பொட்டலம் வாங்கணும்னு எனக்குத் தெரியணும்.